இடமில்லாதவர்களின் டிசம்பர் 25

மார்கழி பிறந்து பத்து நாளாகிறது. கீழக்குயில்குடியில் விடியற்காலையில் சமணர் மலை கண்ணுக்குத் தெரிவதில்லை. அடிவாரத்துத் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் முதலில் தெளியும். வெயில் கொஞ்சம் ஏறிய பிறகுதான் பாறை மேலே வரும். அதன் மறுபக்கத்தில் செட்டிப்புடவுக் குகையில் தீர்த்தங்கரர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். வணங்கிய சமணர்கள் இங்கே இன்று இல்லை. ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்று தங்கள் வழக்கில் அழைத்து, தங்களுக்குள் ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

இங்கிருந்து நாகமலை புதுக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து காளவாசல் வழியாக அரசரடிக்குப் போகிற பாதையில் டிசம்பர் கடைசி வாரம் முழுக்க நட்சத்திரங்கள்தான். பேக்கரி வாசலில், செல்போன் கடையில், காலனி வீடுகளின் தகரக் கூரையில். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாங்கித் தொங்கவிடுகிறார்கள். மதுரைக்கு இது புதிதல்ல.

ஆனால் ஒரு வீட்டில் நட்சத்திரத்தை வாசலில் கட்டவில்லை. உள்ளறையில், பீரோவுக்கு மேலே ஆணியடித்துக் கட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தினால் வெளியே வெளிச்சம் தெரியாது. மகள் கல்லூரிக்கு மனுப் போடுகிறாள், சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது, வாசலில் எதற்கு என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் நம்பிக்கையின் திருநாள் என்று எல்லா வாழ்த்து அட்டையும் சொல்கிறது. நட்சத்திரத்தை ஒளித்து வைக்க வேண்டிய வீட்டுக்கு அந்த நம்பிக்கை என்ன என்பதுதான் இந்த வாரம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறப்புக் கதையை நினைத்துப் பாருங்கள். ரோமப் பேரரசன் குடிக்கணக்கு எடுக்கச் சொல்கிறான். அவரவர் சொந்த ஊருக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும். நிறைமாதப் பெண் ஒருத்தி கணவனோடு போகிறாள். சத்திரத்தில் இடமில்லை. பிள்ளை மாட்டுத் தொட்டியில் கிடத்தப்படுகிறது. சேதி முதலில் போய்ச் சேர்வது இராத்திரி முழுக்க வயல்வெளியில் மந்தையைக் காத்துக் கிடந்தவர்களுக்கு. அரசாங்கப் பதிவேடு, இடமில்லை என்ற பதில், வயற்காட்டு வேலையாட்கள் மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கதை. சேரியில் வளர்ந்த யாருக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

நம் நாட்டுப் பதிவேட்டுக்கு வருவோம். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று வரம்பு கட்டியது. 1956-ல் சீக்கியர்களுக்காகவும் 1990-ல் பௌத்தர்களுக்காகவும் அந்தப் பத்தி திருத்தப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திருத்தப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால் ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே காலனியில் ஒட்டுச்சுவர் வீடுகளில் குடியிருக்கும் அண்ணன் தம்பியில் அண்ணன் எஸ்சி, தம்பி பிசி. டீக்கடையில் இருவரையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் மட்டும் அவர்கள் வேறு வேறு.

படிக்கிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு உண்டு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. சூசை ஆதிதிராவிடர்தான், ஆனால் கிறிஸ்தவர். அதனால் அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வேண்டும் என்று சொல்லி மனு தள்ளுபடி ஆனது. அவர் கேட்டது அரியணை அல்ல, நடைபாதையில் வெயில் படாமல் உட்கார ஒரு பெட்டி. சத்திரத்தில் இடமில்லை என்று சொன்னவனாவது காரணம் சொல்லியிருக்க மாட்டான்.

பிறகு நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் அறிக்கை கொடுத்தது. பட்டியல் சாதி என்பதை மதத்தோடு முடிச்சுப்போடக் கூடாது, மூன்றாவது பத்தியை நீக்குங்கள் என்றது. ஒன்றும் நடக்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதி உரிமைகள் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பீரோ மேல் இருக்கும் நட்சத்திரத்துக்குப் பின்னால் இத்தனையும் இருக்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கு நம் மாநிலத்தில் கல்வி உதவித்தொகை உண்டு. படிவங்களில் எஸ்சிசி என்று ஒரு பிரிவு இருப்பது அதற்காகத்தான். இது தெரியாமலேயே மனுப் போடாமல் விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரி அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்.

பிறப்பை வைத்து மனிதரைப் பதிவேட்டில் அடைப்பது கீழக்குயில்குடிக்குப் புதிய செய்தி அல்ல. வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கம் வந்தபோது தொடக்கத்திலேயே அதற்குள் கொண்டுவரப்பட்ட ஊர் இது. இங்கே பிறந்த ஆண், எதுவும் செய்யாமலேயே குற்றவாளி. ரேகை வைக்க வேண்டும், இராத்திரி ஊரைவிட்டுப் போகக் கூடாது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1947-ல்தான் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. அந்த அவமானத்தை அனுபவித்த சமூகங்களே சேரிக்காரனிடம் எப்படி நடந்துகொண்டன என்பது தனிக் கணக்கு. இந்தப் பத்தியில் அதைப் பலமுறை எழுதியாகிவிட்டது, இனியும் எழுத வேண்டியிருக்கும்.

ஒரே தேதியில் மூன்று

டிசம்பர் 25 நம் மக்களுக்குக் கிறிஸ்து பிறந்த நாள் மட்டுமல்ல.

1927-ல் அதே நாளில் மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மாநாடு கூடியது. அதற்கு முன் மார்ச் மாதம் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்ததற்காக அடி வாங்கிய மக்கள் மறுபடியும் திரண்டார்கள். மாநாட்டுப் பந்தல் போட அந்த ஊரில் சாதி இந்துக்கள் யாரும் இடம் தரவில்லை. ஃபத்தேகான் என்ற முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். அந்த இடத்தில்தான் 25ஆம் தேதி இரவு மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிராமணர். மகாட் என்றால் தீயைத்தான் பேசுகிறோம். எனக்கு அந்த நிலத்தைக் கொடுத்தவரும் நினைவுக்கு வருவார்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணி. அன்றைய தஞ்சை மாவட்டத்தில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. கூலியில் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்டு, செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்று நின்ற விவசாயக் கூலிகளின் தெருவுக்குள் நிலக்கிழார்களின் ஆட்கள் புகுந்தார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் சின்னக் குடிசைக்குள் நெருக்கிப் பதுங்கினார்கள். வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர் கருகினார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்களா என்ற சந்தேகம் தீர்ப்பில் இடம்பெற்றதை இன்றைக்கும் யாரும் மறக்கவில்லை.

உலகம் முழுவதும் குழந்தை பிறந்த குடிலை ஜோடித்துக்கொண்டிருந்த இரவு அது. அந்தக் குடிசையை நினைக்காமல் ஒரு தலித் கிறிஸ்துமஸ் கொண்டாட முடியாது என்பது என் எண்ணம். மாட்டுத் தொட்டிலின் கதையிலும் பிள்ளை பிறந்த பிறகு ஏரோது அரசன் பெத்லகேமின் பச்சைக் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான். அந்தப் பகுதியைப் பிள்ளைகள் நடிக்கும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அதிகம் காட்டுவதில்லை. கேக் ருசிக்காது.

வெண்மணியிலிருந்து ஒரு நம்பிக்கை கிளம்பியது. அதைக் கொண்டுபோனவர் மதுரையில் படித்த பெண்.

அன்றைய மதுரை மாவட்டத்தில் நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926-ல் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். சௌந்தரம் ராமச்சந்திரன் அம்மையாரின் ஆதரவில் மதுரையில் படித்தார். காந்திய இயக்கத்தில் இருந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனை 1950-ல் மணந்தார். இருவரும் பூமிதானத்துக்காக ஊர் ஊராக நடந்தவர்கள். வெண்மணிச் செய்தி கேட்டதும் கிளம்பிக் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். அனுதாபம் சொல்லிவிட்டுத் திரும்பவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். எரித்தவனைப் பழிவாங்குவது என்று அவர் யோசிக்கவில்லை. இந்த மக்கள் எரிக்கப்பட்டது ஏன்? நிற்கச் சொந்தமாக ஓர் அடி மண் இல்லை, அதனால். மண்ணை வாங்குவோம் என்று முடிவெடுத்தார்.

1981-ல் ‘லாஃப்டி’ என்ற நில இயக்கத்தைத் தம்பதியர் தொடங்கினார்கள். வேலை நடந்த விதம் எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிக்கும். விற்க மனமுள்ள நிலக்கிழாரிடம் பேசி நியாயமான விலை முடிவு செய்ய வேண்டும். வங்கியில் கடன் வாங்க வேண்டும். நிலத்தைக் கூலிக் குடும்பங்களுக்குப் பிரித்து, விளைச்சலில் இருந்து கடனைக் கூட்டாக அடைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஓர் அதிகாரி, ஒரு முத்திரை, ஒரு நாளை வா. இப்படியே 13,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஆளுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் போய்ச் சேர்ந்தது. பத்திரம் பெண்கள் பெயரில். ஆண் பெயரில் எழுதினால் சாராயக் கடைக்கு அடமானம் போய்விடும் என்ற பயம் ஒரு காரணம். 2008-ல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும் 2020-ல் பத்மபூஷணும் அவருக்கு வந்தன. ஜெகந்நாதன் 2013-ல் காலமானார்.

கிருஷ்ணம்மாள் கிறிஸ்தவர் அல்ல. அவரைத் தாங்கியது வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி. கஷ்ட காலத்தில் நம்பிக்கை என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், நான் முதலில் சொல்வது இந்த அம்மாவின் கதையைத்தான். எரிந்த குடிசையைப் பார்த்த பிறகும் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் பல ஆண்டு காத்திருக்க முடிந்ததே, அதற்குப் பெயர் ஆன்மிகம் இல்லை என்றால் வேறு என்ன?

அரசரடியில் அடித்த பறை

கோயில் சுவரைப் பற்றிப் பேசும்போது தேவாலயச் சுவரை விட்டுவிட முடியாது. உத்தப்புரத்துச் சுவரைப் பார்த்த மாவட்டம் நம்முடையது. திருச்சி மேலப்புதூரில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நின்றது. செத்த பிறகும் பக்கத்தில் இடமில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணம், நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று தானே சொல்லி, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒப்புக்கொண்டது. மூன்றில் இரண்டு பங்கு பேர் இருக்கும் வீட்டில் அவர்களே விருந்தாளிகள். இந்தியாவின் முதல் தலித் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா பதவியேற்க 2022 ஆக வேண்டியிருந்தது.

கன்னியாஸ்திரி மடத்திலிருந்து மனமுடைந்து வெளியேறிய பாமா, கையில் வேலையும் இல்லாமல், தன் கதையைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். ‘கருக்கு’ 1992-ல் மதுரையிலிருந்துதான் வெளிவந்தது. மடத்துக்குள் தான் கண்ட சாதியை அவர் மறைக்கவில்லை. அதே நேரத்தில் ஏழைகளின் பக்கம் நின்ற இயேசுவை விட்டுக்கொடுக்கவும் இல்லை. கல்லூரிப் பாடத்தில் வந்தால் மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆசிரியராக இருந்தவர் தியாபிலஸ் அப்பாவு. 1940-ல் பிறந்து 2005-ல் மறைந்தார். தலைமுடியைப் பார்த்து மாணவர்கள் ‘பரட்டை’ என்றார்கள், அதையே தன் பெயராக வைத்துக்கொண்டார். தென்னிந்தியத் திருச்சபையின் போதகர், பாட்டுக்காரர், நாடகக்காரர். ஆர்கனும் கர்நாடக ராகமும் ஆராதனைக்கு ஏற்றவை, பறை சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் ஆராதனை நடக்கும் இடத்துக்குப் பறையைக் கொண்டுவந்தார். மாணவர்களை அடிக்கச் சொன்னார். சாதிப் பெயர் சொல்லி வெளியே நிறுத்தப்பட்ட மனிதரோடு வெளியே நிறுத்தப்பட்ட தோலுக்கும் கட்டைக்கும் ஓர் இடம். சில சபைகளில் முணுமுணுப்பு எழுந்தது. எழத்தானே செய்யும்?

அவர் பாட்டெல்லாம் கிராமத்துப் பேச்சுத் தமிழில். கடவுளை ராஜாவே, ஆண்டவரே என்று அழைத்துப் பழகிய வாய்க்கு, பெற்றவர் என்று தாய்க்கும் தகப்பனுக்கும் பொதுவாக ஒரு சொல்லைக் கொடுத்தார். பண்ணையாரைக் கூப்பிடும் சொல்லாலேயே கடவுளையும் ஏன் கூப்பிட வேண்டும் என்பது அதிலிருக்கும் கேள்வி. பாட்டை மாற்றிப் பாடினால் கோபப்படவில்லை. நாட்டுப்புறப் பாட்டு பாடுகிறவருக்குச் சொந்தம், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் நிலை.

அப்பாவு அடிக்கடி பேசியது ‘ஒரு உலை’. ஒரே பானையில் சோறு பொங்கி, எல்லோரும் அதிலிருந்து தின்பதுதான் குடும்பம். சபையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். வெறும் பேச்சாகக் கேட்கலாம். ஆனால் மதுரைக்கு அதில் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த அமெரிக்க மிஷன், சாதி பார்க்காமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைச் சபை உறுப்பினர்களுக்குச் சோதனையாகவே வைத்தது. ஞானஸ்நானம் வாங்கியவர்கள், ஊழியம் செய்தவர்கள், அந்தப் பந்தியில் உட்கார மறுத்து விலகிப்போனார்கள். வேதம் ஒத்துக்கொண்ட தொண்டை சோற்றை ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவு உலையைப் பற்றிப் பேசியபோது அது உவமை மட்டும் இல்லை.

மனதில் இன்னும் ஆறாமல் இருப்பது வேங்கைவயல். 2022 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனதைத் தொடர்ந்து புதுக்கோட்டை மாவட்டத்துத் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருப்பது தெரிந்தது. விசாரிக்கப்போன மாவட்ட ஆட்சியர், பக்கத்திலேயே அய்யனார் கோயிலுக்குள் இவர்களை விடுவதில்லை என்பதையும் டீக்கடையில் இரட்டைக் குவளையையும் கண்டு, அந்த வாரமே மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப்போனார். உள்ளே போன பெண்களின் முகம் செய்திப் படங்களில் வந்தது. தொட்டி வழக்கு பிறகு போன திசை எல்லோருக்கும் தெரியும். அந்த முகங்களும் பொய் அல்ல. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பீரோ மேல் நட்சத்திரம் இருந்த வீட்டுக்கு 25ஆம் தேதி மதியம் போனேன். நட்சத்திரம் அதே இடத்தில்தான் இருந்தது. அடுப்பில் பெரிய பாத்திரம். முந்தின நாள் சுட்ட அதிரசமும் முறுக்கும் தட்டுகளில் எடுத்து வைத்திருந்தார்கள். முதல் தட்டு அடுத்த வீட்டு அண்ணனுக்கு. அவர் எஸ்சி, இவர் பிசி. தட்டை மகள் எடுத்துக்கொண்டு போனாள். அங்கே திருநீறு பூசிய பெரியப்பா பேரப்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, சித்தப்பா வீட்டுப் பிரியாணி வருகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று மிரட்டிக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு அங்கிருந்து இங்கே தட்டு வரும்.